பந்தலும் நெருப்பும்



திருவிழா என்றால் பந்தல். கலியாணம் என்றால் பந்தல். சாவு வீட்டிலும் முதல் வேலை வாசலில் பந்தல் போடுவதே. நாலு கம்பை நட்டு, மேலே கீற்றோ துணியோ விரித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். மூன்று நாளில் பிரிக்கப் போவதுதானே என்று, வீடு கட்டும்போது காட்டுகிற கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு வீட்டில் குடியிருப்போர் ஐந்தாறு பேர். ஒரு பந்தலின்கீழ் உட்காருவோர் ஐந்நூறு பேர், ஆயிரம் பேர். கவனம் எங்கே அதிகம் வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். திருவிழாக் காலம் நெருங்குவதால் இவ்வாரப் பாடத்தை இதற்கென ஒதுக்குகிறோம்.

1. நடந்தவை

பயமுறுத்துவதற்காக அல்ல, படிப்பினைக்காகச் சில சம்பவங்களை நினைவூட்டுகிறோம்.

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் 1944 ஜூலை 6-ம் தேதி ஒரு பெரிய சர்க்கஸ் கூடாரம் பகல் காட்சியின்போது தீப்பிடித்தது. மழை ஒழுகாதிருக்க, பாரபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்து அக்கூடாரத் துணிக்குப் பூசியிருந்தார்கள். பத்து நிமிஷத்திற்குள் கூடாரம் முழுவதும் சரிந்தது. 167 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். மிருகங்களைக் கொண்டுவரும் இரும்புக் கூண்டுப்பாதை வெளியேறும் வழிகளை அடைத்துக்கொண்டு நின்றது.

அரியானா மாநிலத்து டப்வாலியில் 1995 டிசம்பர் 23-ம் தேதி ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. செயற்கை இழைத் துணியாலான பந்தல். தீப்பற்றியதும் அத்துணி உருகி, எரிந்துகொண்டே கூட்டத்தின் தலைமேல் சொட்டிற்று. 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தனர். பெரும்பாலோர் பிள்ளைகளும் தாய்மாருமே.

நம் மாநிலத்திலும் குறைவில்லை. தஞ்சைப் பெரிய கோவிலில் 1997 ஜூன் 7-ம் தேதி, குடமுழுக்கிற்காகப் போட்ட யாகசாலைப் பந்தல் எரிந்து, தீயிலும் நெரிசலிலும் 40க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23-ம் தேதி ஒரு கலியாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உள்பட 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறக்க முடியுமா? அது பந்தல் அல்லவெனினும், கீற்று செய்த வேலை ஒன்றே. அதன்பின்தான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு கண்டிப்பாய் உத்தரவிட்டது.

இச்சம்பவங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். தீயை மூட்டியது ஒவ்வோரிடத்தில் ஒவ்வொன்று. ஆனால் ஒரு சிறு தீயைப் பெருஞ்சாவாக மாற்றியவை எங்கும் இரண்டே: எளிதில் எரியும் கூரை, போதாத வழி.

2. பந்தல் ஏன் இவ்வளவு சீக்கிரம் எரிகிறது?

தீ எரிய எரிபொருள், காற்று, சூடு ஆகிய மூன்றும் வேண்டும். பந்தலில் முதல் இரண்டும் ஏற்கெனவே தயார். காய்ந்த கீற்று, மெல்லிய துணி, கயிறு, காகிதத் தோரணம், தெர்மோகோல் அலங்காரம் இவை எரிபொருள். நாலுபக்கமும் திறந்திருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. சூடு மட்டும் வரவேண்டும். ஒரு தீப்பொறி போதும்.

அன்றியும், நெருப்பின் சூடு மேல்நோக்கிப் போவது. தரையில் ஒரு பாய் எரிந்தால் மிதித்து அணைத்துவிடலாம். கூரை எரிந்தாலோ, சூடான புகை அதன் அடியிலேயே பரவி, தீ இன்னும் எட்டாத பாகத்தையும் பற்றுகிற பதத்திற்குக் கொண்டுவந்துவிடும். ஆகவேதான் கீழே இருக்கிறவன் அண்ணாந்து பார்ப்பதற்குள் தீ மறுகோடிக்கு ஓடிவிடுகிறது.

பருத்தித் துணியும் எரியும். ஆனால் கருகி உதிரும். பாலியெஸ்டர், பாலிபுரோபிலீன் போன்ற செயற்கைத் துணி உருகிச் சொட்டும். அது தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பும் மலிவும் கருதி இன்று பந்தலுக்குப் பெரும்பாலும் வருவது இதுவே என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

3. பந்தல் போடுவோர் கவனிக்க வேண்டியவை

இந்தியத் தர நிர்ணய அமைவனம் தற்காலிகப் பந்தல்களின் தீப் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 8758 என்ற விதித்தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. அதில் உள்ளவற்றோடு தீயணைப்புத் துறையினர் வற்புறுத்துபவற்றையும் சேர்த்து, நமக்கு வேண்டியவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

இடம்: மின்சாரக் கம்பிக்கு நேர் கீழே பந்தல் கூடாது. மின்மாற்றி நிலையம், ரயில் பாதை, உலைக்களம் இவற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். பக்கத்துச் சுவருக்கும் பந்தலுக்கும் நடுவே 3 மீட்டர் வெற்றிடம் வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து திரும்பத் தெருவை அடைக்காமல் விடவேண்டும். மாடியின்மேல் கீற்றுப் பந்தல் போடவே வேண்டாம். இறங்க ஒரே படிக்கட்டு இருந்தால் நிலைமை என்னவாகும் என்பதை ஸ்ரீரங்கம் காட்டிவிட்டது.

கூரை: உயரம் 3 மீட்டருக்குக் குறையக்கூடாது. கூட்டம் கூடும் பந்தலுக்குத் தகரக் கொட்டகையே உத்தமம். துணி வேண்டுமானால் பருத்தித் துணியாகவும், தீ எளிதில் பற்றாதபடி மருந்தில் நனைத்து உலர்த்தியதாகவும் இருக்கட்டும். வெண்காரம், போரிக் அமிலம், படிகாரம் முதலியவற்றை நீரில் கரைத்து இதைச் செய்வார்கள். ஒரு மழையில் நனைந்தால் மருந்து கரைந்துபோகும் என்பதால் மறுபடியும் நனைக்க வேண்டும். பந்தற்காரர் "இது தீப்பிடிக்காத துணிதான்" என்றால், அதில் ஒரு சாண் துண்டு வாங்கி, திறந்த வெளியில், இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தண்ணீர் வாளியை வைத்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். நெருப்பை எடுத்தவுடன் தானே அணைகிறதா, தொடர்ந்து எரிகிறதா என்று உங்கள் கண்ணே சொல்லும்.

வழி: பந்தலின் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பவரும் 15 மீட்டருக்குள் ஒரு வாசலை அடையக் கூடியதாய் இருக்க வேண்டும். வாசல் ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் அகலமாவது இருக்கட்டும். ஒரே பக்கத்தில் இரண்டு வாசல் வைப்பது ஒரு வாசல் வைத்ததற்கே சமானம். எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். ஏனெனில் ஆபத்தில் மனிதன் தான் வந்த வழியையே தேடி ஓடுகிறான். அந்தப் பக்கமே எரிந்தால் வேறு வழி அவன் கண்ணில் பட வேண்டும். பக்கவாட்டுத் தட்டிகளைக் கெட்டியாய்க் கட்டிவிடாமல், தள்ளினால் விலகும்படி விடுவது நல்லது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே விட்ட பாதையை, பின்னால் வந்தவர்களுக்கென்று நாற்காலி போட்டு அடைப்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். அது இவ்வாண்டோடு ஒழியட்டும்.

மின்சாரம்: பந்தல் தீக்களில் பல மின்சார இணைப்பிலிருந்தே கிளம்புகின்றன. இரண்டு கம்பிகளை முறுக்கித் துணி சுற்றிய இணைப்பு தளர்வாயிருந்தால் அவ்விடம் சூடேறும். சூடேறினால் மேலுறை உருகும். பக்கத்தில் கீற்றிருந்தால் மிச்சம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இணைப்புகளை உரிய பெட்டிக்குள் அடக்க வேண்டும். ஒரே கம்பியில் ஒலிபெருக்கி, விளக்குத் தோரணம், மின்விசிறி எல்லாவற்றையும் மாட்டக்கூடாது. சுருட்டி வைத்த கம்பியில் மிகுந்த மின்சாரம் ஓடினால் அச்சுருளே சூடாகும், நீட்டிவிடுங்கள். அதிக சூடு தரும் விளக்குகளைத் துணிக்கும் கீற்றுக்கும் அருகில் கட்டாதீர்கள். மின்கசிவைக் கண்டு தானே நிறுத்தும் கருவி கட்டாயம் வேண்டும். முதன்மைச் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பது குறைந்தது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெனரேட்டரைப் பந்தலுக்கு வெளியே தள்ளி வைத்து, ஓடும்போதும் சூடாயிருக்கும்போதும் எண்ணெய் ஊற்றாதிருங்கள்.

அடுப்பு: சமையற் கொட்டகை தனியே, தகரக் கூரையோடு, காற்று பந்தலை நோக்கி வீசாத பக்கத்தில் இருக்கட்டும். எரிவாயு சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்விடாமல் தரையோடு படர்ந்து, பள்ளத்தில் தங்கி, தூரத்து நெருப்பையும் தேடிப்போய்ப் பற்றும். பிரயாகையில் 2025 கும்பமேளாவின்போது ஜனவரி 19-ம் தேதி சிலிண்டர்கள் வெடித்துப் பல கூடாரங்கள் எரிந்தன. தீயணைப்பு வண்டிகள் அங்கேயே தயாராய் நின்றிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. முன்யோசனை என்பது இதுவே.

வாணமும் மெழுகுவர்த்தியும்: தேர்ப்பவனியில் வாணவேடிக்கை விடுவோர், பந்தலிலிருந்து நன்றாய் விலகிய திறந்த வெளியில், காற்றின் போக்கைப் பார்த்து விட வேண்டும். பட்டாசு மூட்டையைப் பந்தலுக்குள்ளோ மேடைக்கடியிலோ வைப்பதற்கு மன்னிப்பே இல்லை. சுரூபத்துக்கு முன் ஏற்றும் மெழுகுவர்த்திகளை மணல் பரப்பிய தகரத் தட்டில், பந்தலுக்கு வெளியே ஏற்றுங்கள்.

தயாராயிருக்கும் பொருட்கள்: தண்ணீர் நிறைந்த பீப்பாய்கள், வாளிகள், மணல் வாளிகள், தீயணைக்கும் கருவிகள். தரைப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. கருவியை மாட்டி வைத்தால் மட்டும் போதாது. ஊசியைப் பிடுங்கி, குழாயை நெருப்பின் அடியை நோக்கிப் பிடித்து, அழுத்தி, இருபுறமும் வீசத் தெரிந்தவர்கள் அங்கே இருக்க வேண்டும்.

4. தீப்பற்றினால்

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்துமுன் தண்ணீர் ஊற்றாதீர்கள். 101 அல்லது 112 என்ற எண்ணைக் கூப்பிட்டு இடத்தைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் நிதானமாய், எந்த வாசல் வழியே போக வேண்டும் என்று அறிவிக்கட்டும், கூச்சலிடலாகாது. செருப்பையும் பையையும் தேடி யாரும் திரும்பக்கூடாது. புகை சூழ்ந்தால் குனிந்து செல்லுங்கள். நல்ல காற்று தரையோரம் இருக்கும். உடுத்திய துணியில் தீப்பற்றினால் ஓடாதீர்கள்; தரையில் விழுந்து புரளுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிஷம் ஓடும் தண்ணீரை விடுங்கள். மை, மாவு, பற்பசை எதையும் பூச வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

5. சில ஆட்சேபணைகள்

"இத்தனை வருஷமாய் இப்படித்தான் போடுகிறோம், ஒன்றும் நடக்கவில்லையே?" என்பார்கள். தீப்பற்றிய ஒவ்வொரு பந்தலும் அதற்கு முந்தின நாள்வரை தீப்பற்றாத பந்தலே. நடக்காதது நம் சாமர்த்தியத்தால் அன்று.

"செலவு கூடுமே?" கூடும். அலங்கார வளைவில் ஒன்றைக் குறைத்தால் தகரக் கொட்டகைக்கு அதில் பெரும்பாகம் தேறும். வாணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தால் தீயணைக்கும் கருவிகள் வந்துவிடும். வழி விடுவதற்கோ காசே வேண்டாம். நாலு நாற்காலியைத் தள்ளிப்போட மனம்தான் வேண்டும்.

"எது நடந்தாலும் சர்வேசுரனுடைய சித்தம்" என்பாரும் உண்டு. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். உபாகமம் 22-ம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும். வைக்காமல் யாராவது விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. கவனியுங்கள்: வீட்டுக்காரன் யாரையும் தள்ளிவிடவில்லை. விழுந்தவன் தானே தவறி விழுந்தான். என்றாலும் பழி வீட்டுக்காரன்மேல். ஏன்? சுவர் வைத்திருக்க அவனால் முடியும், வைக்கவில்லை. ஐந்தாம் கற்பனை கத்தி எடுக்கிறவனுக்கு மட்டும் இடப்பட்டதல்ல. அசிரத்தையால் பிறர் உயிரை ஆபத்தில் வைப்பவனையும் அது பிடிக்கிறது. நாம் செய்யாமல் விட்டதை அவருடைய சித்தம் என்பது, நம் குற்றத்தை அவர்மேல் சுமத்துவதே ஆகும்.

அப்படியானால் பொறுப்பு யாருக்கு? பந்தற்காரருக்கு மட்டுமன்று. மலிவான துணி போதும் என்று பேரம் பேசிய திருவிழாக் கமிட்டியாருக்கும், அனுமதி பெறாமல் கம்பி இழுக்கச் சொன்னவருக்கும், பாதையை மறித்து உட்கார்ந்தவருக்கும், எல்லாவற்றையும் பார்த்துச் சும்மா இருந்த நமக்கும் பங்கு உண்டு. பங்குச் சுவாமியாருக்கு எல்லாரிலும் முதற்பங்கு என்பதையும் ஒப்புக்கொண்டே எழுதுகிறோம்.

6. இனிச் செய்ய வேண்டியது

கமிட்டியார் முன்பணம் கொடுக்கும் முன்பே தீயணைப்பு நிலையத்தாரிடம் பந்தலின் அளவைக் காட்டி, அனுமதியும் ஆலோசனையும் பெறுக. திருவிழா நாட்களில் முறைவைத்துக் காவல் நிற்க வாலிபர் எண்மரை நியமிக்க: வாசலுக்கு இருவர், மின்சாரத்துக்கு இருவர், சமையற் கொட்டகைக்கு இருவர், தண்ணீர்ப் பீப்பாய்க்கு இருவர். அவர்கள் கூட்டம் கலையுமட்டும் இடத்தைவிட்டு அகலலாகாது. வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள் இந்தத் தாளைக் கிழித்துப்போடாமல் வைத்திருந்து, பந்தற்காரரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்களோ, அடுத்தமுறை எந்தப் பந்தலில் நுழைந்தாலும், உட்காருமுன் ஒரு நிமிஷம் நின்று, இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கத்திலிருக்கிற பிள்ளைக்கும் காட்டிக்கொடுங்கள். இல்லையெனில், பந்தலின் சொந்தக்காரரிடம் மரியாதையாய்க் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், அதுவும் பிறர்சிநேகமே.