கண்ணுக்குத் தெரியாத கணிப்பொறியும் கண்ணில் படவேண்டிய கணக்கும்

நம் வீட்டுச் சுவரில், மின்சார மீட்டரை ஒட்டி, வெள்ளைப் பீங்கானாலான பியூஸ் கட்டை ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். புதிய வீடுகளில் தானே விழும் சுவிட்சு அதன் இடத்தைப் பெற்று வருகிறது. ஆயினும் பழைய வீடுகளிலும் பம்புசெட் கொட்டகைகளிலும் அக்கட்டை இன்னும் பணியாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இத்தகைய மின்சாரப் பீங்கான் பொருள்களுக்கும் பீங்கான் பொம்மைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் அங்கு உள்ளன.

அந்தக் கட்டையை நாள்தோறும் நினைப்பவர் எவர்? விளக்கு அணைந்த இரவில்தான் அதன் நினைவு வருகிறது. நன்றாக வேலை செய்யும் பொருள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பழுதுபட்ட பொருளே கண்ணில் படும். இவ்வுண்மையைக் கணிப்பொறிக்குப் பொருத்திப் பார்த்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றியே இம்மாதப் பாடத்தில் காணவிருக்கிறோம். நெசவாளருக்கும் உழவருக்கும் இதனால் ஆவது என்ன என்று அங்கத்தினர் கேட்கலாம். தறியும் மண்ணும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டுள்ளன. நம் சங்கத்துத் தராசும் இதில் அடங்கும். ஆதலின் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

1. கருத்து பிறந்த வரலாறு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் கம்பெனி நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் மார்க் வைசர் என்னும் விஞ்ஞானி பணியாற்றினார். 1988-ஆம் ஆண்டில் அவர் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். அந்நாளில் கணிப்பொறி என்பது மேசை மீது வீற்றிருக்கும் பெட்டி. மனிதன் அதன் முன் சென்று அமர்ந்து, அதன் மொழியைக் கற்று, அதற்குப் பணிந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. இம்முறையே தலைகீழானது என்றார் வைசர். கணிப்பொறி பல நூறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, சுவரிலும் மேசையிலும் ஆடையிலும் கலந்து, இருப்பதே தெரியாமல் மனிதனுக்குத் துணை செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991 செப்டம்பரில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' என்னும் மாத இதழில் அவர் எழுதிய கட்டுரை இக்கொள்கையை உலகறியச் செய்தது. அங்குல அளவிலும் அடி அளவிலும் கெஜ அளவிலும் மூவகைச் சாதனங்களை அவருடைய குழுவினர் செய்து பார்த்தனர். இன்று நாம் கையாளும் கைப்பேசி, கைப்பலகை, சுவர்த்திரை ஆகியவற்றுக்கு அவை முன்னோடிகள் எனலாம். வைசர் 1999-இல், தம் 46-ஆம் வயதில் காலமானார்.

அந்நிலையத்தில் நடந்த இரு சோதனைகள் நாம் கருதத்தக்கவை.

முதலாவது, தொங்கும் கயிறு. நடாலி ஜெரமிஜென்கோ என்னும் கலைஞர் சுமார் 8 அடி நீளமுள்ள பிளாஸ்டிக் கயிறு ஒன்றைக் கூரையிலிருந்த சிறு மோட்டாரில் கட்டித் தொங்கவிட்டார். அந்த மோட்டார் கணிப்பொறிகளை இணைக்கும் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. கம்பியில் செய்திகள் மிகுதியாகச் செல்லும்போது கயிறு விர்ரெனச் சுழலும்; குறைவாகச் செல்லும்போது எப்போதோ ஒருமுறை துடிக்கும். வேலையிலிருந்து தலை நிமிராமலே அங்கிருந்தோர் நிலைமையை உணர்ந்தனர். தறி ஓசையைக் கேட்டே இழை அறுந்ததை அறியும் நெசவாளருக்கு இது புதிதன்று.

இரண்டாவது, சட்டையில் அணியும் வில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் ராய் வான்ட் முதலியோர் உருவாக்கியது இது. பாலோ ஆல்டோவிலும் இதனைக் கையாண்டனர். வில்லை சுமார் 15 வினாடிக்கு ஒருமுறை கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசும். அறைதோறும் பொருத்திய கருவி அதை வாங்கி, இன்னார் இன்ன அறையில் உள்ளார் என்று கூறும். ஒருவரைத் தேடி வந்த தொலைபேசி அழைப்பை அவர் இருக்கும் அறைக்கே அனுப்பிவிடலாம், இது வசதி. அதே வில்லை, இவர் தேநீர் குடிக்கச் சென்று எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் மேலதிகாரிக்குச் சொல்லக் கூடும், இது தொல்லை. ஒரே பொருள் ஊழியராகவும் வேவுகாரராகவும் விளங்க முடியும் என்பதை அன்றே உணர்ந்தனர்.

2. தறியில் நெய்த கணிப்பொறி

பட்டுச் சேலையில் புட்டா எழுப்பும் ஜக்கார்டு பெட்டியை நம் நெசவாளர் நன்கறிவர். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டி அமைத்த முறை அது. அட்டையில் துளையுள்ள இடத்தில் பாவு இழை உயரும். துளையில்லாத இடத்தில் உயராது. 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே குறிகளால் கொடியும் மயிலும் தோன்றுகின்றன. 1830-களில் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இத்துளை அட்டைகளையே மேற்கொண்டார். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணப்பட்டது. இவ்வகையில் கணிப்பொறி தறிக்குக் கடன்பட்டது.

அக்கடனைத் திருப்பித் தந்தது போன்ற நிகழ்ச்சி ஒன்று 1996-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பின்னர் அமெரிக்கா சென்ற ஜவுளித்துறைப் பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சங்மி பார்க் முதலிய துணைவர்களுடன் ஒரு புதுவகைச் சட்டையை ஆக்கினார். போர்க்களத்தில் குண்டடிபட்ட வீரனின் நிலையை மருத்துவர் உடனே அறிய வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை அளித்த பணி அது.

இச்சட்டையில் கருவிகளைத் துணி மீது ஒட்டவில்லை. கருவிகளுக்கான பாதையைத் துணிக்குள்ளேயே நெய்தனர். ஒளியைக் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்று, சட்டை முழுவதும் அறுபடாமல் சுற்றிச் சுற்றி வரும்படி நெய்யப்பட்டது. வெட்டித் தைத்தால் இழை அறுந்துவிடும் அன்றோ? ஆகவே கைத்துளை உட்படச் சட்டை முழுவதையும் தறியிலேயே ஒரே துண்டாக உருவாக்கினர். குண்டு துளைத்தால் ஒளி இழை அறும். அறுந்த இடம் தெரியவரும். மின்சாரத்தைக் கடத்தும் வேறு இழைகள், உடம்பில் வைத்த சிறு உணரிகளிலிருந்து இதயத் துடிப்பு, மூச்சு, உடற்சூடு ஆகியவற்றின் குறிகளை இடுப்பில் செருகிய சிறு பெட்டிக்குக் கொண்டு சேர்த்தன. நோயாளிகள், முதியோர், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரைக் கவனிக்கவும் இம்முறை உதவும் என்று பின்னர் ஆராய்ந்தனர்.

இதனால் நாளையே நம் சங்கங்களுக்குப் புதிய ஆர்டர்கள் குவியும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் ஒன்றைக் கருதுக. மின் இழையும் பருத்தி இழையும் அடுத்தடுத்து வரும்போது இழுவிசை ஒத்திருக்க வேண்டும். இரு மின் இழைகள் ஒன்றையொன்று தொட வேண்டிய இடத்தில் தொட வேண்டும், ஏனைய இடங்களில் விலகி நிற்க வேண்டும். துவைத்தாலும் மடித்தாலும் அறுபடலாகாது. இவையெல்லாம் பாவையும் ஊடையையும் அறிந்தவர் விடை காண வேண்டிய வினாக்கள்.

3. சுட்ட மண்ணின் தொண்டு

இனி, மண்ணின் பங்கைக் காண்போம். பியூஸ் கட்டையில் பீங்கானின் வேலை மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. கணிப்பொறிக்குள் பீங்கான் வேறொரு வேலையும் செய்கிறது. பேரியம் டைட்டனேட் என்னும் பொடியைக் குழம்பாக்கி, மெல்லிய ஏடாகப் பரப்பி, உலோக மை பூசி, ஏட்டின் மேல் ஏடாக அடுக்கி, நறுக்கிச் சூளையில் சுட்டால், மின்னூட்டத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் நுண்ணிய மின்தேக்கி கிடைக்கிறது. ஒரு கைப்பேசியில் இவை நூற்றுக்கணக்கில் உள்ளன. விருத்தாசலத்துக் களிமண்ணும் இப்பொடியும் ஒன்றல்ல. ஆனால் குழம்பு, உலர்த்தல், சூளை, சுடும்போது சுருங்கும் அளவு என்னும் தொழிற்பாடங்கள் இரண்டிற்கும் பொதுவானவை.

உழவருக்கு நேரே பயன்படும் பீங்கான் கருவி ஒன்றும் உண்டு. அதனை மண் ஈர இழுவிசைமானி என்பர். நீண்ட குழாயின் அடியில், நுண்துளைகள் உள்ள சுட்ட மண் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். குழாயில் நீர் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, பயிரின் வேர் செல்லும் ஆழத்தில் நட்டு வைப்பர். மண் காயும்போது கிண்ணத்தின் துளைகள் வழியே நீரை உறிஞ்சும். குழாயினுள் வெற்றிடம் உண்டாகும். மேலுள்ள முள் அதைக் காட்டும். மண் நனைந்தால் நீர் திரும்பவும் உள்ளே வரும். வேர் படும் தாகத்தை இது நமக்குச் சொல்கிறது. முள்ளுக்குப் பதிலாக மின்னணு உணரியை வைத்து, அதைப் பம்புசெட்டுடன் இணைத்தால், நீர் வேண்டிய நேரத்தில் மோட்டார் தானே ஓடும். போதுமானபோது தானே நிற்கும். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை, முந்திரி இரகங்களை வெளியிட்டுள்ளதை உழவர் அறிவர். எந்த நாளில் எவ்வளவு நீர் என்பது கடலை உழவருக்கு எத்துணை முக்கியமான கேள்வி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

4. சங்கத்தின் தராசு

இதுவரை கூறியது யந்திரத்தின் பெருமை. இனிக் கூறுவதே கூட்டுறவாளர் மனத்தில் இருத்த வேண்டியது.

பழைய தராசில் இரண்டு தட்டுகள் இருந்தன. எடை போடுபவரும் போட வந்தவரும் ஒரே முள்ளைப் பார்த்தனர். மின்னணுத் தராசில் நடப்பது வேறு. தட்டின் அடியிலுள்ள உலோகத் துண்டு பாரத்தால் இம்மியளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்தைச் சிறு கணிப்பொறி ஒன்று எடையாகக் கணக்கிட்டு எண்ணில் காட்டுகிறது. இதுவும் மறைந்துள்ள கணிப்பொறியே. பழையதைவிட நுட்பமானது, ஆனால் உள்ளே நடப்பதை அங்கத்தினர் காண முடியாது. அதனாலேயே 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் இத்தராசுகளை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டியுள்ளது.

குஜராத் மாநிலத்துக் கிராமப் பால் சங்கங்களில் 1990-களிலிருந்து பரவிய ஏற்பாடு நல்லதோர் எடுத்துக்காட்டு. பாலை ஊற்றியவுடன் எடையும் கொழுப்பும் அளக்கப்பட்டு, கிரயம் கணக்கிடப்பட்டு, அச்சிட்ட சீட்டு உற்பத்தியாளர் கையில் தரப்படுகிறது. கணிப்பொறி மறைந்து நிற்கிறது, கணக்கு மறையவில்லை. தமிழ்நாட்டிலும் 2017 முதல் மின்னணுக் குடும்ப அட்டை வழங்கப்பட்டு, கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் ரேஷன் கடைகளில் சிறு விற்பனைக் கருவி வந்தது. வாங்கிய பொருளின் விவரம் குடும்பத்தாரின் கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் கேட்கவும் முடிகிறது.

மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். விரல் ரேகையைக் கொண்டு ஆளை அறியும் கருவி, பலருக்கு ஒரு நொடியில் வேலை செய்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் நாடா பிடித்த விரலிலும், களிமண் பிசைந்த விரலிலும், களை பறித்த விரலிலும் ரேகை தேய்ந்திருக்கும். உழைத்ததனாலேயே அவர் உரிமை மறுக்கப்படலாகாது. ஆதலின் கருவிழிப் பதிவோ, கையெழுத்துடன் கூடிய பதிவேடோ, மாற்று வழி ஒன்று எப்போதும் தயாராக இருத்தல் வேண்டும்.

ஆகவே எந்தத் தானியங்கிக் கருவியைச் சங்கம் வாங்கினாலும் நிர்வாகக் குழு பின்வருவனவற்றை உறுதி செய்துகொள்வது நலம்:

(அ) எண் காட்டும் பலகை அங்கத்தினரை நோக்கி இருத்தல் வேண்டும்.
(ஆ) முத்திரையிட்ட படிக்கல் ஒன்று தராசருகில் இருத்தல் வேண்டும். விரும்பிய அங்கத்தினர் அதை வைத்துச் சோதிக்கலாம்.
(இ) ஒவ்வோர் அளவிற்கும் சீட்டு தரப்பட வேண்டும்.
(ஈ) கருவி பழுதுபட்டால் கைக்கணக்கில் வேலை தொடர வேண்டும்.
(உ) கருவி திரட்டும் விவரங்கள் எங்குச் செல்கின்றன, யார் பார்க்கிறார்கள் என்பது மகாசபையில் தெரிவிக்கப்பட வேண்டும். ஒருவரது சொந்த விவரங்களுக்குப் பாதுகாப்பளிக்க 2023-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். பியூஸ் கட்டை மறைந்து வாழும் பொருள்தான். ஆனால் மின்சாரம் அளவு கடந்தால் அதன் கம்பி தானே உருகி வீட்டைக் காக்கிறது. மெயினை நிறுத்திவிட்டுக் கட்டையைக் கையால் பிடுங்கலாம். எரிந்த கம்பியைக் கண்ணால் காணலாம். வேறு கம்பி கட்டலாம். மறைந்திருக்கிறது, ஆனால் பூட்டப்படவில்லை. நம் சங்கங்களுக்குள் வரும் கணிப்பொறியும் அவ்வாறே இருத்தல் வேண்டும். யந்திரம் கண்ணுக்குத் தெரியாமற் போகட்டும். கணக்கும் பொறுப்பும் கண்முன் நிற்கட்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் சங்கத்தில் உள்ள கருவிகளில் மறைந்த கணிப்பொறி உள்ளவை எவை?
2. நம் தராசுக்குக் கடைசியாக முத்திரையிட்ட நாள் எது? அச்சான்றிதழ் எங்கே தொங்குகிறது?
3. ஜக்கார்டு அட்டையின் துளைக்கும் கணிப்பொறியின் குறிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
4. விரல் ரேகை தேய்ந்த அங்கத்தினர் நம் சங்கத்தில் எத்தனை பேர்? அவர்களுக்கு நாம் செய்துள்ள ஏற்பாடு என்ன?