ஷெட்டுக்குள் ஓர் அமைதியான அறை: கும்மிடிப்பூண்டி ஆலை அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. கட்டுமானக் கம்பிக்கான இரும்பு உருகிக்கொண்டிருக்கும்போது அதன் மாதிரியைச் சோதனை அறையில் பார்த்து, கார்பன் அளவை ஃபர்னஸ் மேடைக்குத் தொலைபேசியில் சொல்வது பல இடங்களில் வழக்கம். எஃப்இ 500டி ரகக் கம்பியில் கார்பன் 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 0.28 என்று சொன்னது 0.18 என்று காதில் விழுந்தால் அந்த ஹீட் முழுவதும் தவறான பெயரில் வெளியே போகும். சோதனை அறையின் இரைச்சலைக் குறைப்பதைச் சொகுசு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆலைக்குள் இருக்கும் அலுவலகம் காதுப் பாதுகாப்புக் கணக்குக்கும் பேச்சுக் கணக்குக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல், 95 ஆனால் 4 மணி நேரம், 100 ஆனால் 2 மணி நேரம், 115க்கு மேல் ஒரு நொடியும் கூடாது என்ற தொழிற்சாலை விதிகளின் கணக்கு செவித்திறனைக் காப்பாற்றப் போட்டது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், எடை மேடை அறை, சூப்பர்வைசர் கேபின் ஆகியவற்றில் 90 வருவதில்லை; 68, 72, 75 வரும். விதி மீறல் கிடையாது, காதுக்கு உடனடி ஆபத்தும் கிடையாது. ஆனால் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பேசுகிறவரின் சாதாரணக் குரலே 60 டெசிபல்தான். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் பின்னணி அதைவிட 15 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும். 72இல் உட்கார்ந்திருப்பவர் நாள் முழுக்கக் கத்திப் பேசுகிறார், தலைவலியோடு வீட்டுக்குப் போகிறார்.

அதனால் இலக்கைக் காதுப் பாதுகாப்பிலிருந்து எடுக்காதீர்கள்; பேச்சிலிருந்து எடுங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 4954 தனி அறைகளுக்கு 40 முதல் 45 டெசிபல், பெரிய பொது அலுவலகங்களுக்கு 45 முதல் 50 என்று சொல்கிறது. ஃபர்னஸ் ஷெட்டை ஒட்டிய அறைக்கு 50 நல்ல இலக்கு. டெஸ்பாட்ச் போல ஆள் வந்து போகும் இடத்துக்கு 55 போதும். அலுவலகத்தில் இருப்பவருக்கு இயர்பிளக் கொடுப்பது தீர்வாகாது; கேட்டுப் பேசுவதுதான் அவருடைய வேலை.

முதலில் அளவெடுங்கள்

இரண்டாம் வகுப்புத் தரமுள்ள ஒலி அளவுமானி ஒன்று வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். கைபேசிச் செயலி ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதன் எண்ணை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். கருவியை 'ஏ' நிலையில், 'ஸ்லோ'வில் வைத்து, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் பிடியுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் அளவு, அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட்டில் ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சுவரின் உண்மையான மதிப்பு. அது 20க்குக் கீழே இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

எப்போது அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மின் கட்டண உச்ச நேரத்தில் உருக்கும் சுமையைக் குறைத்து ஓட்டும் ஆலைகள் உண்டு. அந்த நேரத்தில் எடுத்த அளவு பொய் சொல்லும். ஃபர்னஸ் முழுச் சுமையில் இருக்கும்போதும், ஸ்கிராப் கொட்டும்போதும், இரவு ஷிப்டிலும் தனித்தனியாக அளவெடுங்கள்.

அப்படியே கருவியை 'சி' நிலைக்கு மாற்றி இன்னொரு முறை பாருங்கள். 'சி' அளவு 'ஏ' அளவைவிட 15 டெசிபலுக்கு மேல் கூடுதலாக இருந்தால் உங்கள் தொல்லை தாழ்ந்த அதிர்வெண் முனகல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகும். அதை மெல்லிய பலகையும் பஞ்சும் தடுக்காது. கனமான சுவர் வேண்டும், அல்லது தூரம் வேண்டும். கிரைண்டர், காற்றடிக்கும் துப்பாக்கி, இண்டக்‌ஷன் ஃபர்னஸின் கீச்சொலி போன்ற உயர்ந்த ஒலிகளை அடைப்பது இதைவிட எளிது.

பிறகு சத்தம் எந்த வழியாக வருகிறது என்று தேடுங்கள். இரவில் ஷெட் விளக்குகளை எரியவிட்டு, அலுவலக விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சத்தம் வரும் இடம். மேசை மீதும் சுவர் மீதும் உள்ளங்கையை வையுங்கள். அதிர்வு தெரிந்தால் சத்தம் காற்றில் மட்டும் வரவில்லை, கட்டடத்தின் வழியாகவும் ஏறி வருகிறது. பராமரிப்பு நாளில் ஒவ்வொரு இயந்திரமாக ஓட்டி நிறுத்தி அளவைக் குறித்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். பெரிய மில்லைப் பழித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அலுவலகச் சுவரை ஒட்டி வைத்த பழைய பிஸ்டன் கம்ப்ரசர்தான் காரணம் என்று தெரிய வரும்.

பிறக்கும் இடத்தில் குறைக்க முடிவது

ரோலிங் மில்லை அமைதியாக்க யாராலும் முடியாது. சுற்றியுள்ள சில்லறைச் சத்தங்களை முடியும், செலவும் குறைவு. கம்ப்ரசரை அலுவலகச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். நகர்த்த வழியில்லை என்றால் அடியில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கி, குழாய் இணைப்பில் வளையும் ஹோஸ், காற்று இழுக்கும் வாயில் சைலன்சர். அழுத்தக் காற்றுக் கசிவுகளை ஒருமுறை முழுதாக அடையுங்கள். மின் செலவிலும் இதற்குப் பலன் உண்டு. வெறும் குழாயால் காற்றடிப்பதை நிறுத்திச் சத்தம் குறைந்த நாசில் போடுங்கள். கம்பித் துண்டும் ஸ்கிராப்பும் விழும் சரிவுத் தகட்டுக்கு ரப்பர் விரிப்பு போட்டு, விழும் உயரத்தைக் குறையுங்கள். ஜெனரேட்டரின் ஒலிக்கூண்டுக் கதவு திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள். 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டருக்கு கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல்தான் வரம்பு. 'சூடாகிறது' என்று சொல்லிக் கதவைத் திறந்து வைத்தால் கூண்டு வாங்கிய பணம் வீண்.

ஓட்டைகளை அடையுங்கள்

இந்த இடத்தில் நின்று நிதானமாக வேலை செய்யுங்கள். அடைக்காத குடத்தில் தண்ணீர் நிற்காதது போல, ஓட்டையுள்ள அறையில் அமைதி நிற்காது. எவ்வளவு கனமான சுவர் கட்டினாலும் சரி.

கணக்கைப் பாருங்கள். ஷெட்டுப் பக்கம் 12 சதுர மீட்டர் சுவர், இருபுறமும் பூசிய அரைச் செங்கல். அது தனியாக 45 டெசிபல் தடுக்கும். அதில் உள்ளே பொந்தான சாதாரண ஃபிளஷ் கதவு ஒன்று வைத்தால் (கதவின் திறன் 20) முழுச் சுவரும் சேர்ந்து 28 ஆகிவிடும். அதே இடத்தில் 30 டெசிபல் தடுக்கும் கனமான கதவை வைத்தால் 37. ஆனால் அந்த நல்ல கதவுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மறுபடி 30க்கு இறங்கும். ஒரு விரல் தடிமன் சந்து 7 டெசிபலைத் தின்றுவிடுகிறது. அதை அடைக்கும் ரப்பர் சீலின் விலை கதவின் விலையில் மிகச் சிறு பங்கு.

கதவின் நான்கு பக்கமும் ரப்பர் பட்டை, அடியில் தானாக இறங்கும் சீல், தானாக மூடும் குளோசர். கேபிள் டிரே, குழாய், ஏசி பைப் நுழையும் துளைகளை ராக்வூல் திணித்து, தீ தாங்கும் சீலன்டால் இருபுறமும் பூசுங்கள். அலுமினியச் சட்டம் சுவரோடு சேரும் கோட்டில் சிலிக்கான். ஜன்னல் ஏசி என்றால் அதைக் கழற்றிவிட்டு ஸ்பிளிட் ஏசிக்கு மாறுங்கள்; அந்தப் பெட்டி சத்தத்துக்குத் திறந்த வாசல். பூசாத ஹாலோ பிளாக் சுவர் பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் நுண்துளைகள் வழியே கசியும். இருபுறமும் பூசினாலே வித்தியாசம் கேட்கும்.

எல்லோரும் மறக்கும் ஓட்டை தலைக்கு மேலே. தடுப்புச் சுவரை ஃபால்ஸ் சீலிங் வரை மட்டும் எழுப்பி நிறுத்திவிடுகிறார்கள். மேலே ஷெட்டின் தகரக் கூரை வரை வெட்டவெளி. சத்தம் சுவரை ஏறிக் கடந்து மெல்லிய சீலிங் ஓடுகள் வழியே இறங்கிவிடும். அறைக்குத் தனி மூடி வேண்டும்: கான்கிரீட் தளம், அல்லது இரண்டு அடுக்கு 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகைக்கு மேல் 50 மில்லிமீட்டர் ராக்வூல். வடகிழக்குப் பருவமழையில் தகரத்தின் மீது அடிக்கும் மழைச் சத்தத்தையும் இந்த மூடிதான் தடுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்காகவே கட்டலாம்.

சுவரும் கண்ணாடியும்

ஓட்டைகள் அடைந்த பிறகும் போதவில்லை என்றால்தான் சுவரைத் தொடுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஒற்றைப் பலகை மாட்டிய கேபின் நம் ஆலைகளில் சாதாரணம்; அது 20, 25 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 5, 6 டெசிபல்தான். அதைவிட, ஒன்றையொன்று தொடாத இரண்டு தோல்களும் நடுவே பஞ்சும் கொண்ட சுவர் லாபம். பழைய பலகைக்கு முன்னால் தனிச் சட்டத்தில் இரட்டை ஜிப்சம் சுவர் எழுப்புங்கள். அந்தச் சட்டத்தை கிரேன் ஓடும் தூணோடு முடுக்காதீர்கள். இஓடி கிரேன் நகரும் ஒவ்வொரு முறையும் அறையே உறுமும். ஷெட்டுக்குள் மாடி போட்டு அலுவலகம் கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: தனித் தூண்கள், தனி அடித்தளம்.

கண்காணிக்கக் கண்ணாடி தேவைதான். ஆனால் சுவர் முழுக்க வேண்டாம். இரண்டு கண்ணாடிகளை 100 மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்று 6, மற்றொன்று 10 மில்லிமீட்டர் தடிமனில் வையுங்கள். தடிமன் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே ஒலிக்குச் சேர்ந்து பலவீனமாகும்.

உள்ளே பஞ்சு ஒட்டுவது கடைசி வேலை. பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள். ஒலியை உறிஞ்சும் பலகை அறைக்குள் எதிரொலியை, மூன்று நான்கு டெசிபலை, குறைக்கும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டையும் சாதாரண ஃபோமும் வேண்டவே வேண்டாம். அவை தீப்பிடிக்கும் பொருள்கள், அதுவும் உருகிய இரும்புக்குப் பக்கத்தில். ராக்வூலைக் கண்ணாடி இழைத் துணியால் மூடி, துளையிட்ட தகட்டுக்குப் பின்னால் வையுங்கள். இல்லாவிட்டால் இரும்புத் தூசி சீக்கிரமே அடைத்துவிடும். கடல் ஈரம் எட்டும் ஊர் என்பதால் தகடு கால்வனைஸ் செய்ததாக இருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் பஞ்சு நனைந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

மூடிய அறைக்குள் மனிதர்கள்

மே மாத வெயிலில் இறுக மூடிய அறை வெறும் ஏசியால் ஓடாது. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுழற்றும், புதுக் காற்று தராது. ஃபர்னஸுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, புகை இல்லாத இடத்திலிருந்து, உள்ளே பஞ்சு பதித்த டக்டில் இரண்டு வளைவு வைத்துக் காற்றை இழுங்கள். வளைவுகளில் சத்தம் செத்துவிடும். ஏசியின் வெளியலகைத் தடுப்புப் பலகையில் மாட்ட வேண்டாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அறை அமைதியான பிறகு ஆலைச் சைரன் உள்ளே கேட்காமல் போகலாம். அறைக்குள்ளேயே ஒரு ஹூட்டரும் மின்னும் விளக்கும் வைத்துச் சோதித்துப் பார்க்காமல் வேலையை முடித்ததாகக் கணக்கு எழுதாதீர்கள். வெளியேறும் வழி எதையும் சத்தத்துக்காக அடைக்காதீர்கள். புதிதாகச் சுவரோ மாடியோ கட்டுவதற்கு முன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வரைபட ஒப்புதல் பெறுங்கள்.

தேர்வாய்கண்டிகை போன்ற இடங்களில் புதிதாக ஆலை கட்டுகிறவர்களுக்கு இதில் பாதி வேலை தேவையே இல்லை. அலுவலகத்தை ஷெட்டிலிருந்து பிரித்து வையுங்கள். சேர்த்துத்தான் கட்ட வேண்டுமென்றால் நடுவே ஸ்டோர் அறை, கழிப்பறை, நடைபாதை என்று ஒரு வரிசை விடுங்கள். அந்த இடைவெளியோடு போட்டியிடும் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

முடிந்ததும் அதே மேசைகளில், அதே ஷிப்டில், அதே உயரத்தில் மறுபடி அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானது போலக் காதுக்குத் தெரியும். எல்லாம் செய்த பிறகும் 60க்குக் கீழே வராத அறையில் யாரையும் நிரந்தரமாக உட்கார வைக்காதீர்கள். அதைக் கிடங்காக்கிவிட்டு மேசையை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பட்ஜெட் ஓர் அறைக்கு மட்டும்தான் என்றால், முதலாளியின் கேபினிலிருந்து தொடங்காதீர்கள். எடை மேடை அறையிலும் சோதனை அறையிலும் 12 மணி நேர ஷிப்ட் உட்கார்ந்திருக்கிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்.