சுருள்பாசி ஆகாரம்: நன்மைகளும் அபாயங்களும்

ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியைத் தொட்டியில் வளர்த்து உண்ணலாமா, விற்கலாமா என்று விவசாயிகளிற் பலர் விசாரித்து வருகின்றனர். அதன் குணங்களையும் அபாயங்களையும் அறிந்த பின்னரே அத்தொழிலில் இறங்குவது உசிதம்.

இது நீலப்பச்சை நிறமுள்ள நுண்ணுயிர். சுருள் இழைகளாக வளர்வது. உவர்ப்பும் காரமும் மிகுந்த வெப்பமான ஜலத்தில் செழிக்கும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரியின் ஓரத்திலுள்ள கானெம்பு இனத்துப் பெண்கள் இதனை வடித்து, மணலில் உலர்த்தி, ‘டிஹே’ என்னும் அடையாக்கிக் குழம்பில் சேர்ப்பது வழக்கம். மெக்ஸிகோவில் அஸ்டெக் மக்களும் முற்காலத்தில் டெஸ்கோகோ ஏரியிலிருந்து எடுத்து உண்டனர்.

சத்துக்கள்

உலர்ந்த பாசி 100 கிராமில் 55 முதல் 70 கிராம் வரை புரதம் உண்டு. இரும்புச் சத்தும், உடலில் ஏ வைட்டமினாக மாறும் பீட்டா கரோட்டினும் உண்டு. 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாக் கிராமங்களில் பாலர்களுக்குத் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்ததில், ஏ வைட்டமின் குறைவால் கண்ணில் தோன்றும் வெண்புள்ளிகள் குறைந்ததாக ஆராய்ச்சியாளர் தெரிவித்துள்ளனர்.

எனினும் அளவை மறத்தலாகாது. ஒருவர் தினம் உண்பது 5 கிராம் எனில், கிடைக்கும் புரதம் சுமார் 3 கிராமே. 30 கிராம் துவரம்பருப்பில் 6 கிராமுக்கு மேல் உண்டு. ஆகவே பருப்பு, பால், கீரை ஆகியவற்றுக்கு இது துணையேயன்றி ஈடாகாது. இதிலுள்ள பி12 வைட்டமினிற் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத வகையாகும்.

அபாயங்கள்

1. குளத்துப் பாசி: கோடையில் குளங்களில் பச்சை வர்ணம் கொட்டினாற்போல் ஏடு கட்டுவது சுருள்பாசியன்று. அது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற விஷப்பாசியாக இருக்கும். அதன் விஷம் கல்லீரலைக் கெடுக்கும். காய்ச்சினாலும் உலர்த்தினாலும் நீங்காது. அந்த ஜலத்தைக் குடித்த கால்நடைகள் பல தேசங்களில் மடிந்துள்ளன. 1996-ம் வருஷத்தில் பிரேஸில் தேசத்துக் கருவாரு நகரில், இவ்விஷம் கலந்த ஜலத்தைக் கொண்டு சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரு பாசிகளையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது.

2. உலோக விஷம்: ஈயம், பாதரசம், காட்மியம் ஆகியவற்றை இப்பாசி தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். தோல் பதனிடும் சாலை, சாயப்பட்டறை முதலியவற்றின் அருகிலுள்ள கிணற்று ஜலம் உதவாது.

3. அசுத்தம்: திறந்த தொட்டியில் பறவை எச்சமும் பூச்சிகளும் விழும். வடித்த ஈரப்பாசி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அன்றே உலர்த்தி, காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைக்க வேண்டும்.

4. விலக்க வேண்டியோர்: பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோயுள்ளோர் இதனை உண்ணலாகாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோயுள்ளோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், கீல்வாதக்காரர், கர்ப்பிணிகள் ஆகியோர் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கும் அவ்விதமே.

செய்ய வேண்டுவன

வளர்க்க விரும்புவோர் விதைப்பாசியை நம்பத்தக்க ஆராய்ச்சி நிலையத்தில் மட்டுமே பெறுக. தொட்டி ஜலத்தின் காரநிலை 9.5 முதல் 10.5 வரை இருக்கும்படி காத்தால் வேற்றுப்பாசிகள் பெரும்பாலும் தலையெடுக்கா. விற்பனைக்கு முன் விஷம், உலோகம், கிருமி ஆகிய மூன்றுக்கும் பரிசோதனை செய்வித்து, உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமோ பதிவோ பெறுக. அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யத்தார் நீலப்பச்சைப் பாசிப் பண்டங்களில் 1 கிராமுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இவ்விஷம் இருத்தலாகாதென 1997-ல் விதித்தது, பரிசோதனையின் அவசியத்தைக் காட்டும்.

கிராம அதிகாரிகள், ஊர்க்குளத்தில் பச்சை ஏடு கண்டவுடன் மாடுகளுக்கு வேறிடத்தில் தண்ணீர் காட்டும்படி குடிகளுக்கு அறிவித்தல் வேண்டும். குளத்துப் பாசியை அள்ளி உலர்த்துவோர் எவரேனும் இருப்பின், அதனை உடனே தடுப்பது உயிர் காக்கும் காரியமாகும்.