நாயின் கழுத்தில் சாட்டிலைட் தொங்கவில்லை

"ஒரு டேக் வாங்கிக் கழுத்துல மாட்டிவிடுங்க அண்ணாச்சி. நாய் எந்தக் காட்டுக்கு ஓடினாலும் சாட்டிலைட் காட்டிக் கொடுத்துரும்." தீபாவளி நெருங்கி, வெடிச்சத்தத்தில் நாய்கள் மிரண்டு ஓடத் தொடங்கும் நாட்களில் இந்தப் பேச்சும் எங்கள் பக்கம் கிளம்பிவிடும். சாத்தூர் டீக்கடையில் கேட்டிருக்கிறேன், வெம்பக்கோட்டை பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், அச்சங்குளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களில் பாதிப் பேர் என்ஜினீயரிங் படித்தவர்கள். டவரும் கேபிளுமாகத் தொலைபேசித் துறையில் காலத்தைக் கழித்த எனக்கு இதற்குமேல் பொறுமை இல்லை.

சாட்டிலைட் காட்டிக் கொடுக்காது. அந்த டேக்குக்குள் சாட்டிலைட்டோடு பேசும் கருவி எதுவும் இல்லை. சாட்டிலைட் சொல்வதைக் கேட்கும் கருவிகூட இல்லை.

2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்டேக் ஆகட்டும், அதில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் ஜியோடேக் ஆகட்டும், உள்ளே இருப்பது ப்ளூடூத். காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறீர்களே, அதே ப்ளூடூத். டேக் தன் அடையாளத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை மெல்லிய ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வழியே போகும் யாரோ ஒருவருடைய போன் அதைக் கேட்கும். கேட்ட போன், தான் இருக்கும் இடத்தைத் தன் ஜிபிஎஸ்ஸில் பார்த்து, இணையம் கிடைக்கும்போது கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிவைக்கும். ஆக, உங்கள் மேப்பில் தெரியும் புள்ளி நாய் நிற்கும் இடம் அல்ல. நாயைக் கடந்துபோன ஒரு மனிதரின் போன் இருந்த இடம். யாரும் கடக்கவில்லை என்றால் புள்ளி நகராது. கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, நாய் அங்கேதான் கிடக்கிறது என்று முள்ளுக்குள் இறங்கித் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு. ஏர்டேக்கில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் பட்டன் செல். மாற்றாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வரும் என்று கம்பெனியே சொல்கிறது. அந்தச் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. இடத்தைக் கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ் ரிசீவரை ஓயாமல் ஓடவிட்டால் அது சில மணி நேரத்தில் காலி. தகவலை டவருக்கு அனுப்பும் மோடம் கேட்கும் மின்சாரத்தையோ அந்தச் செல்லால் கொடுக்கவே முடியாது. ஆகவே, 'பேட்டரி ஒரு வருஷம்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், 'உள்ளே ஜிபிஎஸ் இல்லை' என்றும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

டேக்கைப் புகழ்பவர்கள் சொல்லும் கதைகள் எங்கே நடக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? விமான நிலையத்தில் தொலைந்த பெட்டி. மால் பார்க்கிங்கில் விழுந்த சாவி. அங்கெல்லாம் தடுக்கி விழுந்தால் ஒரு ஐபோன். பொருள்களைத் தேடுவதற்காகச் செய்தது, செல்லப் பிராணிகளுக்காக அல்ல என்று ஆப்பிள்காரர்களே அறிமுகம் செய்த காலத்தில் சொல்லிவிட்டார்கள். நம்மவர்கள் காதில் அது விழவில்லை.

இப்போது அச்சங்குளத்துக்கு வாருங்கள். கரிசல் காடு, கண்மாய், சீமைக் கருவேலம், நடுவே இடைவெளி விட்டு விட்டுக் கட்டிய பட்டாசு அறைகள். காலை பத்து மணிக்கு இந்த வெளியில் எத்தனை போன் நடமாடும்? கைகால் நன்றாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பட்டாசு ஆலைக்குள் இருப்பார்கள். ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. மிச்சம் இருப்பது ஆடு மேய்ப்பவர் ஒருவர். அவரிடம் இருப்பது பட்டன் போன் என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஆண்ட்ராய்டு போனே என்றாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024-இல் கூகுள் தொடங்கிய தேடும் வலையமைப்பில், போன்கள் தாமாகவே 'ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டும்' என்ற அமைப்பில்தான் இருக்கும். பல போன்கள் ஒரு டேக்கைக் கேட்டால்தான் இடத்தைச் சொல்லும்; ஒற்றைப் போன் கேட்டால் வாயைத் திறக்காது. தனியாக வசிப்பவர்களின் இருப்பிடம் வெளியே கசியக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது, நியாயமானதுதான். அமைப்புகளுக்குள் போய் 'எல்லா இடங்களிலும்' என்று மாற்றவும் முடியும். ஆனால் மாற்ற வேண்டியது உங்கள் போனில் அல்ல, அந்த ஆடு மேய்ப்பவரின் போனில்!

நாம் வளர்க்கும் நாய்களையும் யோசியுங்கள். சாத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரையே தாங்கிய சிப்பிப்பாறை, 2005-இல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம்: இரண்டுமே வேட்டைக்கு வளர்த்த இனங்கள். அதிலும் சிப்பிப்பாறை, முயல் ஒன்று குதித்தால் மூச்சுவிடும் நேரத்தில் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். (முயல் வேட்டை சட்டப்படி குற்றம். நாயிடம் சொல்ல முடியாது, வளர்ப்பவரிடம் சொல்கிறேன்.) ப்ளூடூத் எட்டுவதோ திறந்த வெளியிலேயே சில பத்து மீட்டர்தான். கருவேலம் அடர்ந்த இடத்தில் அதுவும் குறையும்.

அப்படியானால் ஓடும் நாயைக் கண்டுபிடிக்கும் கருவியே இல்லையா? இருக்கிறது. அதற்கு ஜிபிஎஸ் ரிசீவரும் சிம் கார்டும் சேர்ந்த கழுத்துப்பட்டை வேண்டும். விலை கூடுதல், ரீசார்ஜும் உண்டு. சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட மறந்தால் அது வெறும் பட்டைதான். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இது 2ஜியா, 4ஜியா?" மலிவான டிராக்கர்கள் பல இன்னும் 2ஜியில் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. 2ஜி டிராக்கரில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு, 'சாதனம் ரிப்பேர்' என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களை என்னவென்று சொல்ல? இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகின்றன, அவ்வளவுதான். நான்கு சாட்டிலைட்டுகளின் குரலைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறேன் என்று கணக்குப் போடுவது கீழே இருக்கும் ரிசீவர். உங்கள் நாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தச் சாட்டிலைட்டுகளுக்குத் தெரியாது. போட்ட கணக்கை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க டவர் வேண்டும். டவர் இல்லாத இடத்தில் அந்தப் பட்டைக்குத் தன் இடம் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, அங்கே ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் உங்கள் போன் நம்பரை வெட்டி வாங்கிக் கழுத்துப்பட்டையில் கோத்துவிடுங்கள். மிரண்டு ஓடிய நாய் கடைசியில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில்தான் போய்ப் படுக்கும். அவர் படிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டாமா?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

"டாக்டர் தோலுக்குள் சிப் வைத்துவிட்டார், இனி கவலை இல்லை." அந்தச் சிப்பில் பேட்டரியே கிடையாது. 15 இலக்க எண் ஒன்றைச் சுமக்கும் துணுக்கு அது. ரீடரைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எண் தெரியும். யாருடைய நாய் என்று நிரூபிக்க உதவும், தேட உதவாது.

"டேக் கட்டினால் திருடன் மாட்டுவான்." பெண்களை ரகசியமாகப் பின்தொடரச் சிலர் டேக்கைப் பயன்படுத்தியதால், தெரியாத டேக் ஒன்று கூடவே வந்தால் போனே எச்சரிக்கும்படி ஆப்பிளும் கூகுளும் 2024-இல் சேர்ந்து ஏற்பாடு செய்துவிட்டன. உங்கள் ராஜபாளையம் குட்டியைத் தூக்கிப் போகிறவனுக்கும் அந்த எச்சரிக்கை வரும். கழற்றி எறிந்துவிட்டுப் போவான்.

"ரேடியேஷன் நாய்க்கு ஆகாது." டேக் வெளியிடுவது சில மில்லிவாட். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் 200 மில்லிவாட் வரை போகும். நாயைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

"மலையில் டவர் இல்லை, அதனால் ஜிபிஎஸ்ஸும் இல்லை." இது தலைகீழ். சதுரகிரி ஏறும்போது டவர் போனாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பைத் தாணிப்பாறையிலேயே, டவர் இருக்கும்போதே, இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். போனை ஃபிளைட் மோடில் போட்டால் பேட்டரியும் தாங்கும். மரம் அடர்ந்த ஓடைக்குள் புள்ளி கொஞ்சம் தள்ளிக் காட்டும், பதற வேண்டாம். ஆனால் புள்ளி கையில் இருக்கிறது என்கிற தைரியத்தில் பாதையை விட்டு இறங்காதீர்கள். 2021-இலிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்.

"துபாயிலிருந்து மச்சான் நிஜமான சாட்டிலைட் கருவியே வாங்கி வருகிறார்." வேண்டாம், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கார்மின் இன்ரீச் போன்ற கருவிகள் உண்மையிலேயே சாட்டிலைட்டோடு பேசுபவை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்திலும், அடுத்த மாதமே டெல்லியிலும், இவற்றை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டார்கள். மச்சான் பேரீச்சம்பழம் வாங்கி வரட்டும்.

இவையெல்லாம் போகட்டும். அண்மையில் காதில் விழுந்த ஒரு யோசனைதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. ஆலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டிப் பையில் ஒரு டேக்கைப் போட்டுவிடலாமாம். ஏதாவது ஆகிவிட்டால் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடுமாம். சொன்னவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த ஊர் இது. ஆனாலும் கூடாது. பேட்டரியும் ரேடியோவும் உள்ள எந்தப் பொருளையும், உராய்ந்தாலே பற்றும் மணி மருந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். போன் கூடாது என்றால் டேக்கும் கூடாது. போன்கள் நுழையாத ஆலைக்குள் அந்த டேக்கின் குரலைக் கேட்கவும் யாரும் இல்லை.

உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிவதற்குத் தேவைப்படுவது ஒரு நோட்டு. வாசலில், காவலாளி கையில் ஒரு வருகைப் பதிவேடு. உள்ளே போகும்போது பெயர், எந்த அறை. வெளியே வரும்போது ஒரு கோடு. அச்சங்குளத்தில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையைப் பலர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தது விபத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உள்குத்தகை என்று வந்துவிட்டால் யாருடைய ஆள் யார் கணக்கில் வருகிறார் என்பதற்கு விடை இருக்காது. பதிவேடு வைப்பது புதுச் சட்டமும் அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டே இருக்கும் கடமை. அந்த நோட்டும் ஆலைக்குள் ஓர் அறையில் இருந்தால் பயனில்லை, வாசலிலேயே இருக்க வேண்டும். எழுதுவதும் அன்றன்று காலையில் நடக்க வேண்டும். அதிகாரி வருகிறார் என்று தெரிந்த பிறகு அல்ல.

நாய்க்கு டேக் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு ஆள் வேலை முடிந்து வந்ததும், காலையில் வாசலில் பெயர் எழுதினார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், நாளைக்குப் பத்துப் பேராகப் போய் ஆலைக்காரரிடம் கேளுங்கள்.