மளிகைக் கடையில் பிறந்த நீள ரொட்டி



கே.கே. நகரில் மளிகை நடத்தும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "அண்ணாச்சி, சப் பன் இருக்கா? சீஸ் ஸ்லைஸ், ஆலிவ் இருக்கா?" சீஸ் இருக்கிறது, மற்றது இல்லை என்கிறோம். அந்த அம்மா சீஸையும் வாங்காமல் போய்விடுகிறார். ஐந்து பொருளில் இரண்டு இல்லையென்றால் ஐந்தையும் கைபேசியில் ஒரே இடத்தில் தருவித்துக்கொள்கிறார்கள். கூடவே பருப்பும் எண்ணெயும் அங்கேயே போய்விடுகின்றன. ஆகவே இந்தச் சப் சாண்ட்விச்சை வீட்டில் எப்படிச் செய்கிறார்கள், அதற்கு நம்மிடம் என்ன சரக்கு இருக்க வேண்டும் என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதைப் பெரிய ஓட்டல் பண்டம் என்று நினைக்க வேண்டாம். இது மளிகைக் கடைப் பண்டம். இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து அமெரிக்கா சென்ற சால்வடோர் லூப்போ என்பவர், 1906-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் டெக்காட்டர் தெருவில் சென்ட்ரல் குரோசரி என்ற மளிகைக் கடையைத் தொடங்கினார். பக்கத்துச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்த விவசாயிகள் அவரிடம் ரொட்டி, சீஸ், உப்பிட்ட இறைச்சி, ஆலிவ் ஊறுகாய் என்று தனித்தனியே வாங்கி, பெட்டிமேல் உட்கார்ந்து, எதையும் ஒழுங்காகக் கையில் பிடிக்க முடியாமல் சாப்பிட்டார்களாம். லூப்போ ரொட்டியைப் பிளந்து எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிக் கொடுத்தார் என்பது அக்கடையின் வரலாறு. அந்த வட்ட ரொட்டிக்கு முஃபுலெட்டா என்று பெயர். வடக்கே போர்ட்லண்ட் துறைமுகத்தில் ஜியோவானி அமாட்டோ என்ற ரொட்டிக்காரர், கப்பல் கூலிகளுக்கு நீள ரொட்டியில் இதையே செய்து விற்றார். நீர்மூழ்கிக் கப்பலின் வடிவத்தில் இருப்பதால் நீள ரொட்டிக்குச் 'சப்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. லூப்போ புதிய சரக்கு எதையும் கொள்முதல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அலமாரியில் இருந்ததையே சேர்த்து விற்றார்.

இனி செய்முறை. நாங்கள் வீட்டில் இரண்டு மூன்று முறை செய்து பார்த்தே எழுதுகிறோம். ஒரு சாண் நீளமுள்ள பன்னை, ஒரு ஓரம் விட்டுப் பிளந்து, உள்ளே உள்ள மிருதுவான பகுதியைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பூரணம் வழியாது. வெங்காயத்தைக் காகிதம்போல் நறுக்கிப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டால் காரம் அடங்கும். தக்காளி வில்லைகளில் உப்புத் தூவி நீரை வடித்துவிட வேண்டும். முதல் முறை நாங்கள் இதைச் செய்யாததால் பன் நொதநொதவென்று ஆகிவிட்டது. ஆலிவ் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, உலர்ந்த ஒரிகானோ, மிளகுத்தூள் இவற்றைக் கலந்து பன்னின் இருபுறமும் தடவுங்கள். ரொட்டியை ஒட்டி சீஸ், அதன்மேல் சலாமி, பிறகு காய்கள், ஆலிவ், ஊறிய மிளகாய். இறைச்சி வேண்டாதவர்கள் மிளகு போட்டு வறுத்த பன்னீரோ, எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் வில்லையோ வைக்கலாம். கத்தரிக்காய் வைப்பது நம் கண்டுபிடிப்பு அல்ல, இத்தாலியர் வீடுகளிலும் உண்டு. கடைசியாக பட்டர் பேப்பரில் இறுகச் சுற்றி, மேலே ஒரு பாரம் வைத்து அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் சுவை ரொட்டியில் இறங்கும்.

வாடிக்கையாளரிடம் இந்த விவரத்தைச் சொல்லத் தெரிந்த கடைக்காரர், பன்னோடு வினிகரும் ஒரிகானோவும் பட்டர் பேப்பரும் சேர்த்து விற்பார்.

ஆனால் இந்தச் சரக்கில் ஒரு ஆபத்து உண்டு. அரிசி, பருப்பு போல் இது காத்திருக்காது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் கடை அடைக்கும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எங்களுக்கும் இருந்தது. காலையில் குளிர்பெட்டியைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் சீஸ் இரவு முழுவதும் வியர்த்திருக்கும். ஒரு மே மாதத்தில் பூஞ்சணம் பிடித்த சீஸ் பாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. தேதி முடியவில்லை என்று விநியோகஸ்தர் கைவிரித்தார். அவர் சொன்னது சரிதான், தவறு எங்களுடையது. மிச்சப்படுத்திய மின்கட்டணத்தைவிட அந்த ஒரு வார நஷ்டம் அதிகம். குளிர்பெட்டிக்குத் தனி இணைப்புக் கொடுத்து, உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பன்னை மட்டும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், சீக்கிரம் விறைத்துவிடும்.

மயோனைஸ் பற்றியும் கவனம் தேவை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் அபாயத்தால், பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், லேபிள் இல்லாத டப்பாவில் வருவதை வாங்கி வைக்க வேண்டாம். முட்டையில்லாத கம்பெனிச் சரக்கே போதும். தாவரக் கொழுப்பில் செய்த மலிவான 'சீஸ் போன்ற' கட்டிகளும் வருகின்றன. அவற்றைச் சீஸ் என்று சொல்லி விற்றால் சட்டச் சிக்கல் நமக்குத்தான். சலாமி வைப்பதானால் தனி அடுக்கு அவசியம். பச்சை வட்டம் உள்ள பாக்கெட்டும் பழுப்பு முக்கோணம் உள்ள பாக்கெட்டும் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தால் சைவ வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

வரியையும் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கும் சாஸ் வகைகளுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ரொட்டிக்கு வரி இல்லை. பில் போடும் கணினியில் பழைய விகிதம் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாண்ட்விச்சாகவே செய்து விற்க ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. அது வேறு தொழில். உணவுப் பாதுகாப்புப் பதிவில் அந்த வகையும் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் பொருள்களை மட்டும் விற்றுப் பார்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

பக்கத்து பேக்கரியில் சொல்லி வைத்து, வெள்ளிக்கிழமை மாலை பத்து நீள பன் மட்டும் எடுங்கள். ஒரு தட்டில் பன், ஒரிகானோ, வினிகர், ஆலிவ் பாட்டில் எல்லாவற்றையும் சேர்த்து கல்லாப் பக்கத்தில் வைத்து, சீஸ் உள்ளே இருக்கிறது என்று அட்டையில் எழுதுங்கள். ஞாயிறு இரவு எத்தனை பன் மிஞ்சியது என்று குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த வாரக் கொள்முதல் தானே தெரிந்துவிடும்.