ஆசாரத்திலும் திண்ணையிலும் தொங்கு கொடிகள்

கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளையானாலும், ஊருக்குள் இருக்கும் தொட்டிக்கட்டு வீடானாலும், வாசற்புறத்தில் ஒரு கொடியேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பிரண்டையை வேலியில் படரவிடுவதும், வெற்றிலைக் கொடியைக் குளிக்கும் இடத்து நிழலில் வைப்பதும், முல்லைக்குப் பந்தலிடுவதும் பழைய வழக்கங்கள். பின்னாளில் வந்த மணி பிளாண்ட் என்னும் கொடியோ ஆசாரத்துக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. அதிக வெயிலும் எருவும் வேண்டாது, இரண்டொரு நாள் மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும் இக்கொடி, வேலை மிகுந்த பண்ணை வீட்டுக்கு ஏற்றதே. ஆயினும் இதனை வைக்கும் முறையில் நேரும் ஒரு பிழை வீட்டாருக்கு மட்டுமன்றி ஊருக்கே தீங்காய் முடிவதால், அதனை விரிவாக அறிவது அவசியமாகின்றது.

இக்கொடியின் தாயகம் பசிபிக் சமுத்திரத்தில் சொசைட்டித் தீவுகளைச் சேர்ந்த மூரியா என்னும் சிறு தீவு. 1880ஆம் ஆண்டில் தாவர நூலார் இதற்குப் பெயரிட்டனர். இது பூப்பது மிக அரிதாகையால் விதை கிடைப்பதில்லை. கணுவினாலேயே உலகெங்கும் பரவியது. பிறர் வீட்டிலிருந்து களவாய் எடுத்து நட்டால்தான் செல்வம் பெருகும் என்று சிலர் நம்புகின்றனர். கேட்டு வாங்கிய கணுவும் அதே விதமாகத்தான் வேர்விடுகின்றது.

நடுவதற்கு இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டு போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடிக்கணுவின் இலையை நீக்கி மண்ணில் ஊன்ற வேண்டும். செம்மண்ணும் நன்கு மக்கிய தொழு எருவும் சரிபாதியாகக் கலந்து, அதனுடன் சிறிது தென்னை நார்க்கழிவு சேர்ப்பது நலம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிறு ஆலைகளில் நார்க்கழிவு தாராளமாய்க் கிடைக்கும். ஆனால் புதிய கழிவில் உப்பு மிகுந்திருக்கக் கூடுமாகையால் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய பின்னரே உபயோகிக்க வேண்டும். தொட்டியின் அடியில் துளை இன்றியமையாதது. இக்கொடி வாடிச் சாவதைவிட, அன்றாடம் நீர் ஊற்றப்பெற்று வேர் அழுகிச் சாவதே அதிகம். மேல்மண் ஓர் அங்குல ஆழம் காய்ந்தபின் நீர் விட்டால் போதுமானது.

தொங்கவிடுவதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. முன்னாளில் தயிரும் வெண்ணெயும் வைத்த உறிகள் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. ஈரமண் கனக்கும் ஆகையால், கயிற்றின் உறுதியைப் பார்த்துக்கொண்டு உத்தரத்தில் கட்டினால் அவையே போதும். இடத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று தொங்கும் கொடிகளை அலைக்கழித்து இலைகளைக் கருக்கிவிடும். மேற்குத் திண்ணையில் இருப்பவற்றை அம்மாதங்களில் கிழக்கே மாற்றிவிடுவது உசிதம். உச்சி வெயில் நேரே பட்டால் இலை வெந்து போகும். முற்றும் இருளாயின் இலையிலுள்ள மஞ்சள் வரிகள் மறைந்து வெறும் பச்சையாகும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் ஏறுவதும், இலை நுனி கருகுவதும் காணலாம். அத்தகைய இடங்களில் ஓட்டிலிருந்து வடியும் மழைநீரைச் சேமித்து ஊற்றுவது நன்று. சேமிக்கும் பாத்திரத்தைத் துணியால் இறுகக் கட்டி மூட வேண்டும்.

மூடுவது ஏனெனில், மேலே கூறிய பிழை நீரைப்பற்றியதே. பலர் இக்கொடியை மண்ணில் வையாமல் கண்ணாடிப் புட்டியிலும் வாய் அகன்ற சாடியிலும் நீர் நிரப்பி அலமாரியில் வைக்கின்றனர். சாக்கடை நீரை நாடாது, இவ்வாறு வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரையே நாடி முட்டையிடும் ஏடிஸ் என்னும் கொசு டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது. அது பகலில் கடிக்கும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே செல்லும். 2012ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் அக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டது.

நீரை மாற்றினாலே போதும் என்று எண்ணுவது தவறு. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகையால் வாரம் ஒரு முறை தவறாது நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டும் நீரைச் சாக்கடையில் விடாது உலர்ந்த மண்ணில் ஊற்றினால் அதிலுள்ள புழுக்கள் மடியும். இவ்வளவு பாடுபடுவதைக் காட்டிலும், வேர் விட்டதும் கொடியை மண்தொட்டிக்கு மாற்றிவிடுவதே எளிது. தொட்டியின் கீழ் வைக்கும் தட்டிலும் நீர் தேங்குமாதலால் அதில் மணலை நிரப்பி வைக்கலாம். கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேக்கி வைப்பதை 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தடுக்கின்றது. ஊராட்சிப் பணியாளர் வீடுதோறும் பார்வையிட வரும்போது, கிணற்றடியையும் ஆட்டுரலையும் காட்டும் வீட்டார் அலமாரிச் சாடியை மறந்துவிடுவர். அதனையும் கேட்டுப் பார்ப்பது கிராம அதிகாரிகளின் கடமை.

மற்றொன்றும் உண்டு. இக்கொடியின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உள்ளன. குழந்தையோ கன்றோ மென்றால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். கைக்கெட்டாத உயரத்தில் உறியில் தொங்கவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கழித்த கொடிகளைக் கட்டுத்தரைப் பக்கம் எறியலாகாது, வாய்க்காலிலும் வீசலாகாது. ஈரம் கண்ட இடத்தில் ஒவ்வொரு கணுவும் முளைக்கும். இலங்கையில் இக்கொடி தோட்டங்களினின்று தப்பிக் காடேறி மரங்களை மூடிவிட்டது. கழித்தவற்றை வெயிலில் நன்றாய்ச் சருகாக்கிய பின்னரே எருக்குழியில் இட வேண்டும்.