கிளம்பாத டீசல் வண்டி: பழுதை அறியும் முறை

சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்துப் பாலும் காய்கறியும் பட்டணத்துக்கு அனுப்பும் சங்கத்துக்கு, விடியற்காலையில் அவ்வண்டி கிளம்பாமற் போவது சிறு விஷயமன்று. வெயில் ஏற ஏறப் பால் திரிந்துவிடும், கீரை வாடிவிடும், நஷ்டம் அங்கத்தினர் யாவருக்கும் பங்காகும். இதற்குமேல் மற்றொரு நஷ்டமும் நேர்வதுண்டு. பழுது எவ்விடத்தில் இருக்கிறது என்று அறியுமுன்பே பாட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், டீசல் பம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றப்படுகின்றன. "மாற்றிப் பார்ப்போம்" என்பது பட்டறைகளில் வழங்கும் பேச்சு. மாற்றிப் பார்ப்பதற்குச் செலவாகும் பணம் சங்கத்தினுடையது என்பதை நிர்வாகிகள் மறத்தலாகாது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி கிடையாது. ஜெர்மனி தேசத்து ருடால்ப் டீசல் என்பவர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய எஞ்சினின் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16 முதல் 22இல் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்நெருக்கத்தினால் காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அச்சமயம் நாசில் வழியாகப் புகைபோல் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே எஞ்சின் போதிய வேகத்துடன் சுழலவேண்டும், காற்று தடையின்றி உட்புகுந்து நன்கு நெருக்கப்படவேண்டும், டீசல் உரிய வேளையில் வந்து சேரவேண்டும். கிளம்பாத வண்டியில் இவற்றுள் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. எது என்று கண்டுகொள்ள முதலில் காதும் கண்ணுமே போதும்.

சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழலவே இல்லையா, முனகிக்கொண்டு மெல்லச் சுழல்கிறதா, நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையா என்பதே முதற் கேள்வி. முதலிரண்டு நிலைகளில் டீசல் பில்டரைக் கழற்றுவது வீண் வேலை. மூன்றாம் நிலையில் பாட்டரியைக் குறைகூறுவது பெரும்பாலும் அநியாயம்.

சுழலாத வண்டியிலும் மெல்லச் சுழலும் வண்டியிலும் முதலிற் பார்க்கவேண்டியது பாட்டரியின் இரு டெர்மினல்கள். அவற்றின்மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு, மின்சாரத்தைத் தடுத்துவிடும். வெந்நீர் விட்டுக் கழுவி, உப்புக் காகிதத்தால் தேய்த்து, இறுக முடுக்கினாலே கிளம்பிவிடும் வண்டிகள் பல. பாட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் செல்லும் எர்த் கம்பி துருப்பிடித்துத் தளர்ந்திருப்பதும் இவ்வாறே. பிறகு வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தல் வேண்டும். இரவு முழுவதும் சும்மா நின்ற 12 வோல்ட் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி; 12க்குக் கீழ் என்றால் சார்ஜ் ஏற்றாமல் பயனில்லை. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்குமாயின், பாட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது சார்ஜ் போதவில்லை என்று கொள்ளலாம். பாட்டரி நன்றாயிருந்தும் "டக்" என்ற ஓசை மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரையும் அதன் சாலினாய்டையும் சந்தேகிக்கவேண்டும். டீசல் எஞ்சினின் நெருக்கம் அதிகமாதலின், அதனைச் சுழற்ற வேண்டிய மின்சாரமும் அதிகம். விளக்கு பிரகாசமாக எரிகிறதென்பது பாட்டரிக்கு நற்சாட்சி ஆகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வெள்ளம் நின்ற பாதையில் சென்று நின்றுபோன வண்டி சுழல மறுத்தால், மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் உருளைக்குள் புகுந்திருக்கக்கூடும். காற்றைப்போல் தண்ணீர் நெருங்கிக்கொடாது. கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே பாழாகும். ஏர் பில்டரைத் திறந்து, அது நனைந்திருந்தால் வண்டியை இழுத்துச் செல்வதே உத்தமம்.

நன்றாகச் சுழன்றும் பற்றாத வண்டியில், ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் சைலன்சர் வாயைக் கவனிக்கவேண்டும். வெண்புகையோ சாம்பல் நிறப் புகையோ வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையெனில் டீசல் போகவில்லை. இந்த ஒரு பார்வை அரைநாள் வேலையைக் குறைத்துவிடும்.

புகையில்லாத வண்டியில், டாங்கியில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் எனச் சொல்வது நகைப்புக்கிடமாகலாம். ஆயினும் டாங்கி முள் பொய் சொல்வதுண்டு. பழைய வண்டிகளில் எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி முழுவதும் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் பம்பு டீசலை விடாது. சாலினாய்டு வைத்த பம்பாயின், சாவியை முதல் நிலைக்குத் திருப்பும்போது பம்பினருகே ஒரு சிறு ஓசை கேட்கும். அது கேட்கவில்லையெனில் பியூஸையும் கம்பியையும் பார்ப்பது முறை.

இவையெல்லாம் சரியாயிருந்தால் அடுத்த சந்தேகம் காற்றுப் பிடித்தலாகும். டாங்கி ஒருமுறை வற்றினாலும், பில்டர் மாற்றினாலும், ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பிருந்தாலும் காற்று உட்புகும். நெருங்கிக்கொடுக்கும் காற்று இருக்கும்வரையில் பம்பினால் டீசலைத் தள்ள முடியாது. பழைய மெக்கானிகல் பம்பு வண்டியில், பில்டர் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் நுரையாக வரும் டீசல் பின்னர் குமிழியின்றி வரும். அப்போது திருகை முடுக்கிவிடலாம். அதன்பின்னும் கிளம்பாவிடில் நாசில் குழாய்களின் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, டீசல் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றி முடுக்குவது வழக்கம். காற்றை நீக்கியபின் மறுநாளும் அதே தொல்லை வருமாயின் காற்று புகும் வழி இன்னும் அடைபடவில்லை. டீசல் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே போகக்கூடும் என்பதால் உறிஞ்சும் குழாயை முழுவதும் தடவிப் பார்க்கவேண்டும்.

காற்றுக்கு அடுத்தது தண்ணீர். பில்டரின் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், தண்ணீர் இருப்பின் அடியிற் பிரிந்து நிற்கும். டீசலைப் பீப்பாயில் வாங்கி வைக்கும் சங்கங்கள், பீப்பாயை மழையில் நிமிர்த்தி நிறுத்துவதே இதற்கு முக்கிய காரணம். மேல்மூடியில் தேங்கும் நீர் திருகின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது.

காமன் ரெயில் என்னும் புதுமுறை எஞ்சின்களுக்கு மேற்சொன்ன நட்டு தளர்த்தும் முறை அறவே ஆகாது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வந்தபின் விற்கப்பட்ட டீசல் பிக்கப்புகளும் அதற்கு முந்திய பலவும் இவ்வகையின. இவற்றின் குழாயில் அழுத்தம் 1,000 பார்களுக்கும் மேற்படும். ஊசிமுனைத் துவாரத்திலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். முதலில் எறும்புக்கடிபோல் இருக்கும். சில மணி நேரத்தில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்று காத்திராமல், நடந்ததைத் தெளிவாகச் சொல்லி, அறுவைச் சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பவேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது எவ்வண்டியிலும் ஆகாது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கவேண்டும்.

வெண்புகை வந்தும் பற்றாத எஞ்சினில், குளிர்காலை வேளையாயின் ஹீட்டர் பிளக்குகள் சூடாகவில்லை எனலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இது அடிக்கடி நேரும். பிளக்குகளை இணைக்கும் பட்டையை எடுத்துவிட்டு, பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சோதனை விளக்கு வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொட்டால், விளக்கு எரியாத பிளக் அறுந்தது. வெயிற்காலத்திலும் வெண்புகையே வந்தால் உருளையின் நெருக்கம் குறைந்திருக்கலாம், டைமிங் பிசகியிருக்கலாம். அவை பட்டறையின் வேலை.

ஈதர் தெளித்துக் கிளப்பும் பழக்கம் அபாயகரமானது; ஹீட்டர் பிளக் சூடாயிருக்கையில் அது வெடிக்கக்கூடும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையில் இரண்டு நிமிஷம் ஆறவிடுவதும் அவசியம். மற்றொரு வண்டியின் பாட்டரியை இணைக்கும்போது கடைசி நெகட்டிவ் கம்பியைப் பாட்டரியில் மாட்டாமல், தூரத்திலுள்ள எஞ்சின் இரும்பில் மாட்டவேண்டும். பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு பொறி பட்டால் வெடிக்கும்.

பட்டறைக்கு வண்டி போகும் நாளில், எஞ்சின் எவ்வாறு சுழன்றது, புகை என்ன நிறம், வோல்ட் எவ்வளவு, பில்டர் கடைசியாக மாற்றியது எப்போது என்னும் நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி ஓட்டுநர் கையில் காரியதரிசி கொடுத்தனுப்பலாம். மாற்றப்பட்ட பழைய உறுப்புகளைத் திரும்பக் கேட்டு வாங்கிவரும்படியும் அதிலேயே குறித்துவிடவேண்டும்.